பெயர் சொல்லாத மன்றாட்டு

பாலக்கரையில் சகாயநாதன் வீடு எது என்று கேட்டால், எந்தச் சகாயநாதன் என்று திருப்பிக் கேட்பார்கள். மன்றாட்டு சகாயம் என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போவார்கள். அந்தப் பட்டப்பெயர் அவருக்குத் தெரியும். தெரியாததுபோல் இருப்பார். உள்ளுக்குள் அதில் ஏகப்பட்ட பெருமை.

பெயர் வந்த கதை இதுதான். அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரத்துக்கு ஒரு வீடு என்று முறைவைத்து, சாயங்காலம் கூடிச் செபிக்கும். அன்பியம் என்று அதற்குப் பெயர். பாயை விரித்து உட்கார்ந்து, பைபிளில் ஒரு பகுதி வாசித்து, ஒரு பாட்டுப் பாடி, பிறகு ஆளாளுக்குத் தங்கள் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்வார்கள். ஒவ்வொன்று முடிந்ததும் மற்றவர்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள். அதற்கப்புறம் டீ, சுண்டல், வீட்டுக்காரர் தாராளமானவராக இருந்தால் கேசரி. மற்றவர்களின் மன்றாட்டெல்லாம் சின்னதாக இருக்கும். பேத்திக்குக் காய்ச்சல் குறையணும், மருமகனுக்கு விசா கிடைக்கணும், அவ்வளவுதான். சகாயநாதன் வாய் திறந்தால் போப்பாண்டவரில் தொடங்கி, போர் நடக்கும் தேசங்களைச் சுற்றி, டெல்டா விவசாயிகளை நலம் விசாரித்து, காவிரியில் தண்ணீர் வரவழைத்துவிட்டுத்தான் ஓய்வார். குரல் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கும், தழுதழுக்க வேண்டிய இடத்தில் தழுதழுக்கும். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

பகலில் அவர் பேச்சை யாரும் கேட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் லேப் அசிஸ்டென்ட். வாத்தியாராக ஆசைப்பட்டு, படிப்பு பாதியில் நின்று, வாத்தியார்களுக்குப் பின்னால் நின்று கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்கும் வேலையில் வந்து சேர்ந்தவர். பாடம் நடக்கும்போது சுவரோரமாக நிற்க வேண்டும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஆயுளில் பாதியை அப்படி வாய்மூடிக் கழித்த மனுஷனுக்கு, அன்பியத்துப் பாயில் எல்லோரும் தன் வாயையே பார்க்கும் அந்த அமைதி இனித்தது. இனித்ததில் தப்பில்லை. பின்னால் நடந்ததற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

அவருக்கு ஒரே ஒரு சினேகிதர். இன்னாசிமுத்து, எலெக்ட்ரீசியன். வாலிப வயதில் இரண்டு பேரும் ஒரே நாளில் கோயில் பாடகர் குழுவில் போய்ச் சேர்ந்தார்கள். சகாயநாதனுக்குச் சுருதி சேரவில்லை என்று நாசூக்காக வெளியே அனுப்பிவிட்டார்கள். இன்னாசி குழுவிலேயே தங்கிவிட்டார். பூசையில் அவர் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்களுக்குப் பாட்டே வரும். பேச்சு குறைவு. வேலை பெரும்பாலும் ஸ்ரீரங்கத்தில். உத்தர வீதி, சித்திரை வீதி வீடுகளில் மோட்டார் ரிப்பேர், ஃபேன், பழைய வயரை உருவிப் புது வயர் போடுவது என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். மகளை லால்குடியில் கட்டிக் கொடுத்துவிட்டு, மனைவி சலேத்துமேரியும் அவருமாக இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இன்னாசியின் டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு பேரும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புவார்கள். அங்கே ஒரு டீக்கடை. டீ, ஆளுக்கு ஒரு மெதுவடை. போகும் வழியெல்லாம் சகாயநாதன் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவார். பாதி காற்றில் போய்விடும். மீதிப் பாதிக்கு இன்னாசி "ம்" கொட்டுவார். ஊரில் இதை நட்பு என்றார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. நம் பெண்கள் பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பு மாட்டுகிற நேரத்துக்குள் மாமியார் முதல் மூட்டுவலி வரை கொட்டித் தீர்த்துவிடுவார்கள். ஆண்கள் அப்படியில்லை. சேர்ந்து தேர் இழுப்பார்கள், திருவிழாவுக்குப் பந்தல் போடுவார்கள், ஒருவர் வீட்டுப் பெட்டியை இன்னொருவர் கல்லறைவரை தோளில் சுமப்பார்கள். தன் நெஞ்சில் கிடப்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். சகாயநாதன் ஊருக்கெல்லாம் மன்றாடினாரே தவிர, முப்பது வருஷத்தில் தனக்கு என்ன கஷ்டம் என்று இன்னாசியிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் சலேத்துமேரி இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள், ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பவில்லை. சகாயநாதன் ஓடியாடி எல்லாம் செய்தார். பெட்டி, குழி, சாமியார், லால்குடிக்காரர்களுக்கு வேன், வந்தவர்களுக்கு டீ. இன்னாசி அழக்கூட இல்லை. சகாயநாதன் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார். எல்லாம் செய்த மனுஷன் ஒன்றைச் செய்யவில்லை. அதற்கப்புறம் சலேத்து என்ற பெயரை அவர் இன்னாசியிடம் சொல்லவே இல்லை. பேச்சு அந்தப் பக்கம் போனால் "அவங்க" என்பார், இல்லையென்றால் "அந்த விஷயம்" என்பார். பெயரைச் சொன்னால் புண்ணைக் கிளறினதுபோல் ஆகிவிடுமாம்.

ஆடி அமாவாசை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. டீக்கடையில் வடையைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், இன்னாசி முதன்முதலாகப் பேச ஆரம்பித்தார்.

"சகாயம், ஒண்ணு சொல்லணும்டா."

"சொல்லு."

"அமாவாசையன்னிக்கு ஸ்ரீரங்கத்துல அம்மா மண்டபத்துப் பக்கம் ஒரு வீட்டுல மோட்டார் வேல. முடிச்சிட்டு வர்றேன், கூட்டம்னா கூட்டம், வண்டிய வெளிய எடுக்க முடியல. சரின்னு படித்துறைல எறங்கி நின்னேன். ஒருத்தரு சம்சாரத்துக்குத் தர்ப்பணம் குடுக்கறாரு. நம்ம வயசுதான் இருக்கும். ஐயரு அந்தம்மா பேரக் கேக்கறாரு. இவரு சத்தமா பேரச் சொல்லிட்டுத் தண்ணி விடறாரு."

பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் இன்னாசியின் குரல் பாதிதான் கேட்டது. சகாயநாதன் குனிந்து காதைக் கொடுத்தார்.

"எனக்கு என்னமோ ஆயிருச்சுடா. கூட்டம் கொறஞ்சதும் நானும் எறங்கி, ஒரு கை தண்ணி அள்ளி, சலேத்துன்னு சொல்லி விட்டேன். சத்தமாத்தான் சொன்னேன். அவ போனதுலேர்ந்து அன்னிக்குத்தான் தூங்கினேன். கோயில்ல முழந்தாள் போட்டா வாய் ஒட்டிக்குது. செபமே வரல. பாட்டு மட்டும் தொண்டைலேர்ந்து அதுபாட்டுக்கு வருது. இப்ப வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தெனம் அங்க போய்க் கொஞ்ச நேரம் ஒக்காந்திருக்கேன். யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டதான் சொல்றேன்."

சகாயநாதன் திகைத்துவிட்டார். பீடத்துக்குப் பக்கத்தில் நின்று பாடுகிற ஆள், ஆற்றில் இறங்கித் தண்ணீர் விட்டுவிட்டு வந்திருக்கிறான். கண்டிக்கவும் வரவில்லை, கட்டிப்பிடிக்கவும் வரவில்லை. என்ன சொல்வது என்று தெரியாதபோது நம்மவர்கள் எல்லோரும் சொல்லும் வார்த்தையைச் சொன்னார்.

"ஜெபம் பண்ணிக்கிறேன்டா."

இன்னாசி தலையை ஆட்டினார். மனசில் இருந்த பாரம் இறங்கியவர்போல் வடையைத் தின்றார். இன்னொரு டீ சொன்னார்.

அந்த வாரம் அன்பியம் பொன்னுத்தாய் வீட்டில். அவர்தான் அன்பியத் தலைவி. புதிதாக மாற்றலாகி வந்திருந்த பங்குச் சாமியாரும் அன்றைக்கு வந்திருந்தார். சகாயநாதன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருந்தார். இங்கே ஒரு சிக்கல் ஆகிவிட்டது. மன்றாட்டைச் சாமியாரே தொடங்கிவைத்தார். போப்பாண்டவர், போர், மழை, விவசாயிகள், எல்லாவற்றையும் அவரே அழகாக முடித்துவிட்டார். பிறகு பேத்தியின் காய்ச்சல், மருமகனின் விசா. பொன்னுத்தாய் வழக்கம்போல் சகாயநாதனின் மகனுக்காக மன்றாடினார். மகன் ஜெயக்குமார் ஒடிசாப் பக்கம் ஒரு துறவற சபையில் சாமியாருக்குப் படிக்கப் போனவன். "எங்கள் அன்பியத்தின் குருமாணவர் ஜெயக்குமாருக்காக" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார்கள். எல்லோரும் "கேட்டருளும்" என்றார்கள்.

பிறகு எல்லோருடைய முகமும் சகாயநாதன் பக்கம் திரும்பியது. "இவரு சொல்றதக் கேக்கணும் ஃபாதர்" என்று பொன்னுத்தாய் வேறு எடுத்துக் கொடுத்தார். சகாயநாதனிடம் சொல்ல ஒன்றுமில்லை. தொண்டையைச் செருமினார். கண்ணை மூடினார். வாய் தானாகத் திறந்தது.

"அன்பு இறைவா, மனைவியைப் பறிகொடுத்த துயரத்தில் விசுவாசப் பாதையிலிருந்து தடுமாறி, காவிரிப் படித்துறையில், நமக்கு உரியதல்லாத சடங்கில் ஆறுதல் தேடும் ஒரு சகோதரருக்காக மன்றாடுகிறோம். உம் பீடத்தின் முன்னால் பாடியும், செபிக்க இயலாமல் தவிக்கும் அந்தச் சகோதரரை உம்மிடம் மீண்டும் அழைத்துக்கொள்ளும்."

குரல் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. அப்படி ஓர் அமைதி அதுவரை எந்த வீட்டிலும் விழுந்ததில்லை. அந்த அமைதியைக் கண்ணை மூடியபடியே ஒரு கணம் அனுபவித்துவிட்டுத்தான் சகாயநாதன் கண்ணைத் திறந்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

வேலையிலிருந்து நேராக வந்த இன்னாசி, ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வருஷம் அன்பியத்தில் மனைவியை இழந்தவர் அவர் ஒருவர்தான். பீடத்தின் முன்னால் பாடுகிறவரும் அவர் ஒருவர்தான். பெயர் எதற்கு?

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஒருவர் முந்தி ஒருவர் பிந்திச் சொன்னார்கள். பழக்கதோஷம், இன்னாசியின் வாயும் அதைச் சொன்னது. மற்ற செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஓரமாக உட்கார்ந்தார். கடைசியில் மாதா பாட்டை அவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தார். சுருதி பிசகவில்லை. டீ வந்தபோது "வேல கெடக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். சகாயநாதன் பின்னால் போகவில்லை. சாமியார் அவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு பூசையில், பாடகர் வரிசையும் முதல் பெஞ்சும் சேரும் இடத்தில், இரண்டு பேரும் வழக்கம்போல் அடுத்தடுத்து நிற்கும்படி ஆகிவிட்டது. சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தது. மற்றவர்களெல்லாம் கைகூப்பி ஒருவருக்கொருவர் தலைகுனிவார்கள். இவர்கள் இருவரும் அப்படிச் செய்துகொண்டதே கிடையாது. இன்னாசி சகாயநாதனின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளுவார், அதுதான் சமாதானம். அன்றைக்கு இன்னாசி முழுசாகத் திரும்பி, இரண்டு கையையும் ஒழுங்காகக் கூப்பி, தலையைத் தாழ்த்தி, "சமாதானம்" என்றார். வெளியூர் ஆளுக்குச் சொல்வதுபோல் சொன்னார். சகாயநாதன் பூசை முடிந்து வெளியே வந்து பார்த்தால் எக்ஸெல் இல்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நல்ல மனசோடு நடந்தது, அதுதான் கொடுமை. ஒருவர் இன்னாசிக்குத் தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தார். ஒருவர் வேளாங்கண்ணிக்கு நடந்துபோய்விட்டு வாருங்கள், எல்லாம் சரியாகும் என்றார். பாடகர் குழுவில் இருந்த இளசுகள், "அண்ணே, நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். இன்னாசி யாரோடும் சண்டை போடவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விடிகாலைப் பூசைக்கு மாறிக்கொண்டார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, யாரும் பேச்சுக் கொடுப்பதற்குள் போய்விடுவார். அன்பியத்துக்கு வருவதே இல்லை.

சகாயநாதனிடமோ, "ஒங்க மன்றாட்டு நெஞ்சத் தொட்டுருச்சுங்க" என்று இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. எதைச் சொல்வதாக இருந்தாலும் அவர் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் இன்னாசி. தன்னைத் தெரியாத கோயிலாகப் பார்த்துப் போய், அங்கிருந்த சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். அந்தச் சாமியார் சொன்ன செபங்களைப் பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே சொல்லி முடித்தார். பாவம் போயிருக்கலாம். வெட்கம் போகவில்லை. லேப்பில் குழாய் கழுவும்போதும் அந்த ஒற்றைச் செருப்புக் கால் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கறிக்கடைக்குப் போகும்போது இன்னாசியின் வண்டிச் சத்தம் கேட்டால் பக்கத்துச் சந்தில் ஒதுங்கினார். ஐம்பது தாண்டிய மனுஷன், திருடன்போலச் சந்தில் ஒதுங்கி நின்றார்.

அப்போதும் புத்தி வந்ததா என்றால் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து புது மன்றாட்டு ஒன்றை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முறிந்த உறவுகள் கூட வேண்டும் என்று ஒரு மன்றாட்டு. அன்பியத்தில் சொன்னால் யாராவது போய் இன்னாசியிடம் சொல்வார்கள், அவன் மனசு இளகும் என்று கணக்கு. அடுப்படியிலிருந்த மனைவி ரீத்தம்மாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"திரும்பவும் அங்கயேவா சொல்லப் போறீங்க?"

"நல்லதுக்குத்தான் சொல்றேன். அன்னிக்கும் நான் அவன் பேரச் சொல்லலயே."

"நம்ம பையன் விஷயத்த அங்க சொல்லுவீங்களா? பேரு வேணாம். ஒரு குருமாணவருக்காகன்னு சொல்லிப் பாருங்களேன்."



விஷயம் இதுதான். ஜெயக்குமார் சபையை விட்டு வெளியே வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சாமியாராக எனக்கு அழைத்தல் இல்லைப்பா என்று போனில் சொன்னான். ஊருக்கு வராதே, நான் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன் என்று இவர் சொல்லிவிட்டார். அவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அம்மாவிடம் மட்டும் பேசுகிறான். இங்கே வாரம் தவறாமல் குருமாணவர் ஜெயக்குமாருக்காக மன்றாடுகிறார்கள். இவரும் கண்ணை மூடிக் "கேட்டருளும்" என்கிறார். தன் வீட்டு விஷயத்தை அப்படிப் பொத்திப் பொத்தி வைத்தவர்தான், சினேகிதன் வீட்டு விஷயத்தைச் சுண்டலுக்கு முன்னால் பரிமாறிவிட்டார்.

"அங்க சொன்னத அங்கயே சரி பண்ண முடியாதுங்க" என்றாள் ரீத்தம்மாள். "அவரு மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

மறுநாள் பள்ளி விடுமுறை. சத்திரத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, அம்மா மண்டபம் நிறுத்தத்தில் இறங்கினார். எள்ளும் வாழையிலையும் விற்கிற ஒருவர், "வாங்க சார், தர்ப்பணமா?" என்று கூப்பிட்டார். "இல்லைங்க, இல்லைங்க" என்று பதறி, தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பார்த்த பிறகுதான் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இன்னாசி இதே வழியாகத்தான் தினமும் வந்து போகிறான்.

கூட்டமில்லாத நாள். இரண்டு மூன்று குடும்பங்கள் குளித்துக்கொண்டிருந்தன. இன்னாசி மேல்படியில் டூல்ஸ் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சகாயநாதனைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை, நகரவும் இல்லை.

"லீவா?"

"ம்."

சகாயநாதன் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார். பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்த பேச்சு ஒரு சொல் மிச்சமில்லாமல் மறந்துபோயிற்று. வந்ததெல்லாம் அந்தப் பழைய சால்ஜாப்புதான்.

"நான் ஒம் பேரச் சொல்லலடா, இன்னாசி."

"ஆமா, சொல்லல." இன்னாசி ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பேரச் சொல்லி, மூஞ்சிக்கு நேரா, ஏன்டா இப்படிப் பண்ணின்னு கேட்டிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நம்மளுக்குள்ள முடிஞ்சிருக்கும். நீ என்னய 'ஒரு சகோதரர்'னுட்ட. முப்பது வருஷம் என் வண்டில பின்னாடி ஒக்காந்து வந்தவன், ஒரு சகோதரர்ங்கறான். சலேத்து செத்த அப்புறம் அவ பேரு போச்சு. அன்னிக்கு என் பேரும் போச்சு."

சகாயநாதனால் தலைநிமிர முடியவில்லை. கால் விரல்களையே பார்த்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசினார்.

"ஒனக்காகச் சொல்லலடா. சாமியாரு எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டாரு. எங்கிட்ட சொல்ல ஒண்ணுமில்ல. எல்லாரும் என்னயே பாத்தாங்க. நீ சொன்னது வாயில வந்துருச்சு. சொன்னதும் எல்லாரும் கப்சிப்னு ஆயிட்டாங்க. அது எனக்குப் புடிச்சிருந்துச்சு. அதுக்காகத்தான்டா சொன்னேன். மன்னிச்சிரு."

"தெரியும்" என்றார் இன்னாசி.

டூல்ஸ் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "மன்னிச்சாச்சு. தெனம் செபத்துல சொல்றதுதானே. ஆனா இனிமே உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னா எனக்கு வாய் வருமான்னு தெரியல. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். மோட்டாரில் காயில் கம்பி எரிந்துபோச்சு என்று வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். அந்த நேரத்தில் சகாயநாதனுக்குக் கொடுக்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மென்று விழுங்கி, மென்று விழுங்கி, சொன்னார்.

"ஜெயக்குமார் செமினரில இல்லடா."

இன்னாசி திரும்பினார். சகாயநாதன் எல்லாவற்றையும் சொன்னார். போனில் வந்ததை, ஊருக்கு வராதே என்றதை, ஓசூரை, போன கிறிஸ்துமஸுக்கு ரீத்தம்மாள் கேக் முன்னால் உட்கார்ந்து அழுததை. "வாராவாரம் எல்லாரும் அவனுக்காக மன்றாடுறீங்க. நானும் கூடச் சேந்து கேட்டருளும்னு சொல்றேன். பெத்த புள்ளய விட எனக்கு குருமாணவரோட அப்பாங்கற பேருதான் பெருசாப் போச்சுடா." சொல்லும்போது அழுகை வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவன வழியனுப்புறப்ப நான்தான் பாடினேன்" என்றார் இன்னாசி. கீழே ஒரு பெண் துணியை அலசிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு படியேறிப் போனாள். அவள் போகும்வரை பொறுத்திருந்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் இன்னாசி கேட்டார்.

"இத அடுத்த வாரம் மன்றாட்டுல சேத்துக்கட்டுமா?"

சகாயநாதன் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். எள் விற்கிறவர் இருந்தார், ஒரு நாய் இருந்தது. பாலக்கரை ஆள் ஒருவரும் இல்லை. இருந்தும் பொன்னுத்தாய் வீட்டுப் பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை முகங்களும் தன் பக்கம் திரும்புவதுபோல் இருந்தது. ஒரு காலில் செருப்போடு வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்தது. இன்னாசி அவரைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தார்.

"பயப்படாத" என்றார் பிறகு. "சொல்ல மாட்டேன்."

அன்றைக்கு டீக்கடையில் தான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது என்று சகாயநாதனுக்கு உறைத்தது. ஜெபம் பண்ணிக்கிறேன் என்பதற்குப் பதிலாக அந்த இரண்டு சொல் போதுமாக இருந்திருக்கும். எத்தனை ஆயிரம் சொல் பேசிய வாய், அந்த இரண்டு மட்டும் வரவில்லை. இன்னாசி பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "ஒரு வீட்டுல தண்ணி ஏறலயாம், வரேன்" என்று கிளம்பினார். எக்ஸெல்லில் ஏறு என்று சொல்லவில்லை. கேட்கவும் இவருக்கு வாய் வரவில்லை.

"இன்னாசி, சலேத்துக்கு..." என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். அந்தப் பெயர் அவர் வாயில் பழக்கமில்லாமல் இடறியது. "சலேத்துக்கு வருஷம் வருதுல்ல, தவக்காலத்துல. கல்லறைக்கு நானும் வரட்டுமா?"

இன்னாசி நின்றார். "சலேத்துக்கு ஒன் மன்றாட்டுன்னா உயிரு. நீ சொல்றப்ப அழுவா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அன்பியம் வேறொரு வீட்டில். பாட்டு முடியும் நேரத்தில் இன்னாசி வந்தார். இரண்டு செருப்பையும் கழற்றிவிட்டு, வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மன்றாட்டு தொடங்கியது. காய்ச்சல், விசா, ஒரு வீட்டில் பிள்ளைப்பேறு. சகாயநாதனின் முறை வந்தபோது எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் திறக்கவில்லை. அமைதி நீண்டுகொண்டே போனது. முன்பு இனித்த அதே அமைதி. அவருக்கு எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது.

உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்ட பொன்னுத்தாய், அவருக்கு உதவி செய்கிற நினைப்பில் தானே தொடர்ந்தார்.

"எங்கள் அன்பியத்தின் குருமாணவர் ஜெயக்குமாருக்காக, அவருடைய அழைத்தலில் அவர் உறுதியாக நிலைத்திருக்க, இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள் எல்லோரும். சகாயநாதனின் உதடு அசையவில்லை. அவமானத்தில் முகம் எரிய, வாசல் பக்கம் பார்த்தார். இன்னாசி பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் சொல்லவில்லை.